அன்னாசி வாசனையில் தொடங்கி நகரத்துக் காற்று வரை: யார் இந்த ஹாகன்-ஸ்மிட்?

1943 ஜூலை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பியவர்களுக்குத் திடீரென்று கண் எரிந்தது. மூக்கில் நீர் வடிந்தது, தொண்டை கமறியது. நாலு தெரு தள்ளி இருந்த கட்டடம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஜப்பான் விஷவாயுத் தாக்குதல் நடத்திவிட்டது என்றே பலர் பயந்துபோனார்கள்.

தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. நகரத்தின் நடுவில், செயற்கை ரப்பருக்காக பியூட்டாடையீன் தயாரித்த தொழிற்சாலை மேல் பழி விழுந்தது. மக்கள் கொதித்ததில் அதைத் தற்காலிகமாக மூடினார்கள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அதே எரிச்சல், அதே மங்கல் திரும்ப வந்துவிட்டது. அந்தத் தொழிற்சாலை காரணம் இல்லை என்றால் வேறு எது?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க ஏழெட்டு வருஷம் ஆனது. பதில் சொன்னவர் டாக்டரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. அன்னாசிப் பழத்துக்கு அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு வேதியியல் பேராசிரியர். பெயர் ஆரி ஹாகன்-ஸ்மிட். இன்று உலகத்தின் எந்த ஊரில் காருக்குப் புகைக் கட்டுப்பாடு இருந்தாலும், அதன் வேரைத் தோண்டிக்கொண்டே போனால் இவருடைய ஆய்வகம் வந்து நிற்கும். காற்று மாசைக் குறைத்தால் யாருக்கு லாபம், எவ்வளவு லாபம் என்று இன்று பொருளாதார நிபுணர்கள் போடும் கணக்குக்கும் தொடக்கப்புள்ளி அங்கேதான்.

யார் இவர்?

1900 டிசம்பர் 22-ஆம் தேதி நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்தில் பிறந்தார். அப்பா அந்நாட்டு அரசு நாணயச் சாலையில் வேதியியலாளர். உலோகத்தில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று துல்லியமாகப் பார்க்கும் வேலை. மகனும் அதே வழிதான், ஆனால் உலோகத்துக்குப் பதில் செடிகள். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் படித்து 1929-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அப்போது உட்ரெக்ட்டில் தாவர ஹார்மோன்கள் பற்றிய ஆராய்ச்சி சூடுபிடித்திருந்தது. செடி எப்படி வளர்கிறது, வெளிச்சத்தைப் பார்த்து ஏன் வளைகிறது என்பதெல்லாம் கேள்வி. ஒரு மண்டலம் முழுக்க இருக்கும் செடிச்சாற்றிலிருந்து கண்ணுக்கே தெரியாத அளவு இருக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுப்பதுதான் அங்கே பிழைப்பு. ஹாகன்-ஸ்மிட்டுக்குக் கைவந்த கலை அது. 1936-ல் அமெரிக்கா போனார். ஹார்வர்டில் ஒரு வருடம். 1937-ல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் இருக்கும் கால்டெக் நிறுவனத்துக்கு வந்தார். மரபணு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஹன்ட் மோர்கன்தான் அங்கே உயிரியல் துறைத் தலைவர். அவர் அழைத்துத்தான் வந்தார். அதற்குப் பிறகு கடைசிவரை பாசடீனாதான் வீடு.

அங்கே அவர் கை வைக்காத செடி இல்லை என்றே சொல்லலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை மது என்று எதற்கு எந்த மணம், அதற்குக் காரணமான பொருள் எது என்று தேடினார். கஞ்சாச் செடியில் போதைக்குக் காரணமான பொருள் என்ன என்று 1940-ல் ஒரு கட்டுரைகூட வெளியிட்டிருக்கிறார். அப்புறம்தான் அன்னாசி. ஹவாயிலிருந்து டன் கணக்கில் பழம் வந்து இறங்கும். அதிலிருந்து ஆவியாகிப் போகும் வாசனைப் பொருளைக் கடுங்குளிரில் உறைய வைத்துப் பிடிப்பார். டன் கணக்கில் போட்டால் கிராம் கணக்கில்தான் கிடைக்கும்.

இந்தக் கருவியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புகையும் இல்லை, பனியும் இல்லை

லாஸ் ஏஞ்சல்ஸ் வானத்தில் தொங்கிய அந்தப் பழுப்பு மங்கலுக்கு ஸ்மாக் என்று பெயர் வைத்தார்கள். புகை, மூடுபனி இரண்டையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்து லண்டனுக்காகச் செய்த வார்த்தை அது. நாமும் புகைப்பனி என்று தமிழாக்கிவிட்டோம். லண்டனுக்கு அது பொருந்தும். அங்கே வீட்டுக்கு வீடு நிலக்கரி எரித்த புகை குளிர்காலப் பனியோடு கலந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் நிலக்கரி எரிப்பவர்கள் அபூர்வம். மங்கல் வருவதோ வெயில் கொளுத்தும் நாட்களில், அதுவும் நடுப்பகலில். பெயரிலேயே தப்பு இருந்தால் காரணம் தேடும் இடமும் தப்பாகத்தானே இருக்கும்?

அப்படித்தான் ஆனது. 1947-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்ட்டியில் காற்று மாசுக் கட்டுப்பாட்டுக்கு என்று தனி அமைப்பு தொடங்கினார்கள். அமெரிக்காவிலேயே இந்த வகையில் முன்னோடி. அதன் முதல் தலைவர் லூயிஸ் மெக்கேப் நிலக்கரி விஷயத்தில் அனுபவசாலி. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் கந்தக வாயுவைக் குறைத்தால் போதும் என்று நினைத்தார். குறைத்தும் காட்டினார்கள். அதற்காக ஆலைகள் செலவும் செய்தன. ஆனால் கண் எரிச்சல் போகவே இல்லை.

ஊரின் அமைப்பும் சேர்ந்துகொண்டது. ஒரு பக்கம் பசிபிக் கடல். மற்ற பக்கங்களில் மலை. கடலில் இருந்து வரும் குளிர்ந்த காற்று கீழே தங்கிவிட, அதன் மேல் வெப்பக் காற்று மூடி மாதிரி உட்கார்ந்துவிடும். தரையில் வெளிவரும் எதுவும் மேலே போக வழி கிடையாது. மூடி போட்ட சட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடற்காற்று அந்தச் சட்டியில் இருப்பதை அப்படியே தள்ளிக்கொண்டு போய் மலையடிவாரத்தில் நிறுத்தும். பாசடீனா இருப்பது அந்த மலையடிவாரத்தில்தான்.

முதலில் கத்தியவர்கள் கீரை விவசாயிகள்

மனிதர்களுக்குக் கண் எரிந்தது போலவே வயல்களிலும் ஏதோ நடந்துகொண்டிருந்தது. லெட்யூஸ், கீரை இலைகளின் அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல் பளபளத்து, பிறகு பழுப்பாகிக் கருகியது. பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. நேற்று நன்றாக இருந்த கீரை இன்று சந்தைக்குப் போக லாயக்கில்லை. கீரை வியாபாரத்தில் இலைதானே சரக்கு? கந்தக வாயு பட்டால் இலையில் வரும் அடையாளம் வேறு மாதிரி இருக்கும் என்பது தாவரவியலாளர்களுக்குத் தெரியும். இது அது இல்லை.

பயிர்ச் சேதத்துக்குக் காரணம் தேடும் வேலை ஹாகன்-ஸ்மிட்டிடம் வந்து சேர்ந்தது. பி.எச். மீட்டரைக் கண்டுபிடித்த ஆர்னால்ட் பெக்மன் அப்போது கட்டுப்பாட்டு அமைப்புக்கு ஆலோசனை சொல்லிவந்தார். அவரும் இவரைத் தூண்டிவிட்டவர்களில் ஒருவர். ஹாகன்-ஸ்மிட் ரொம்ப யோசிக்கவில்லை. அன்னாசி வாசனையைப் பிடித்த அதே முறையில் பாசடீனாவின் காற்றைப் பிடித்தார். சுமார் 30,000 கன அடி காற்றை உறிஞ்சிக் குளிர்கலன் வழியாக அனுப்பினார். கிடைத்தது சில சொட்டுப் பழுப்புத் திரவம். முகம் சுளிக்க வைக்கும் நாற்றம்.

அந்தச் சில சொட்டில் இருந்தவை ஆல்டிஹைடுகள், கரிம அமிலங்கள், பெராக்சைடுகள். பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரோகார்பன்கள் பாதி ஆக்சிஜனேற்றம் அடைந்தால் வரும் பொருட்கள் இவை. இதைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியது. அந்த ஊரில் எல்லா இடத்திலும் இருக்கும் பொருள் பெட்ரோல்தான். சுத்திகரிப்பு ஆலையில், சேமிப்புத் தொட்டியில், பெட்ரோல் பங்க்கில், லட்சக்கணக்கான கார்களில்.

அடுத்து அவர் செய்தது எளிமையான சோதனை. அடைத்த அறையில் பெட்ரோல் ஆவியையும் ஓசோனையும் கலந்து, கீரை, பீட்ரூட், எண்டைவ், ஓட்ஸ், குதிரைமசால் ஆகிய ஐந்து செடிகளை உள்ளே வைத்தார். வயலில் வந்த அதே வெள்ளிப் பூச்சு இங்கேயும் வந்தது. உள்ளே மூக்கை நீட்டியவர்களுக்கு அதே வாசனை, அதே கண் எரிச்சல்.

அப்படியானால் நகரத்துக் காற்றில் ஓசோன் எங்கிருந்து வந்தது? ஸ்மாக் கதையில் பெரிய திருப்பமே இதுதான். கார் சைலன்சரில் ஓசோன் வராது. எந்தப் புகைபோக்கியிலும் வராது. இன்ஜினின் சூட்டில் காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு உண்டாகிறது. எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவி இன்னொரு பக்கம். இரண்டும் வெளியே வந்து வெயிலில் காய்கின்றன. சூரிய ஒளி பட்டதும் நைட்ரஜன் டை ஆக்சைடு உடைகிறது. உடைந்த துண்டு பக்கத்து ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. ஹைட்ரோகார்பன் இருந்தால் இந்தச் சக்கரம் நிற்காமல் சுற்றும். அதாவது விஷத்தை யாரும் வெளியே விடவில்லை, வானத்திலேயே சமையல் நடக்கிறது. நடுப்பகலில் மங்கல் அதிகம் ஏன், குளிர்காலத்தில் குறைவு ஏன், சைலன்சர் பக்கத்தில் நின்றால் இல்லாத எரிச்சல் முப்பது கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் ஏன் என்ற எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்.

இன்னொரு சாட்சியும் இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் டயர்கள் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் வெடிப்பு விட்டன. ஓசோன் ரப்பரைத் தின்னும். ஹாகன்-ஸ்மிட் ரப்பர்த் துண்டை வளைத்துக் காற்றில் வைத்து, முதல் விரிசல் விழ எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பார். அன்றைய ஓசோன் அளவு தெரிந்துவிடும். ஐந்து பைசா செலவில்லாத மீட்டர்!

பேராசிரியருக்குக் கோபம் வந்த நாள்

கண்டுபிடிப்பு வெளியே வந்ததும் கைதட்டல் கிடைத்திருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். மேற்கு மாநில எண்ணெய் நிறுவனங்களின் சங்கம் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து ஸ்மாக் பற்றித் தனியாக ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. அந்த நிறுவனத்தின் விஞ்ஞானி ஒருவர் கால்டெக்குக்கே வந்து, ஹாகன்-ஸ்மிட்டின் வேலை சரியில்லை என்ற தொனியில் எல்லோர் முன்னாலும் பேசினார். கூட்டத்தில் ஹாகன்-ஸ்மிட்டும் உட்கார்ந்திருந்தார்.

அதுவரை அவருக்கு ஸ்மாக் என்பது பக்கத்து வேலைதான். முடித்துக் கொடுத்துவிட்டு மறுபடி வாசனைப் பொருட்களிடம் போகலாம் என்றே இருந்தார். அந்தப் பேச்சு எல்லாவற்றையும் மாற்றியது. கால்டெக்கில் ஒரு வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டு முழுநேரமும் ஸ்மாக் ஆய்வில் இறங்கினார். அந்தக் கூட்டத்தில் அவரைச் சீண்டாமல் விட்டிருந்தால் எண்ணெய் நிறுவனங்களுக்கு நல்லதாக இருந்திருக்கும். நமக்கு?

1952-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்மாக்கின் வேதியியல் பற்றிய அவருடைய முக்கியமான கட்டுரை வெளியானது. 1953-ல் கலிஃபோர்னியா கவர்னர் அமைத்த குழுவுக்குத் தலைவர் பழைய நண்பர் பெக்மன். பெட்ரோல் ஆவி கசிவதைத் தடுக்க வேண்டும், கார்ப் புகைக்கு அளவு நிர்ணயிக்க வேண்டும், வீட்டுக் கொல்லையில் குப்பை எரிப்பதை நிறுத்த வேண்டும், பொதுப் போக்குவரத்தைப் பெருக்க வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. பிறகு தொழில் நிறுவனங்களின் நன்கொடையில் இயங்கிய ஏர் பொல்யூஷன் ஃபவுண்டேஷனும் தன் பங்குக்குச் சோதித்துப் பார்த்துவிட்டு, கார்ப் புகையிலிருந்து ஓசோன் உண்டாகிறது என்ற அதே முடிவுக்கு வந்து சேர்ந்தது.

முதலில் நடவடிக்கை பாய்ந்தது எண்ணெய்த் தொட்டிகள் மேல். திறந்த தொட்டிகளில் இருந்து ஆவியாகிக்கொண்டிருந்த பெட்ரோலை மூடி போட்டுத் தடுத்தார்கள். ஆவியாகிப் போனது யாருடைய சரக்கு என்று யோசித்துப் பாருங்கள். நிறுவனத்தின் சொந்தப் பெட்ரோல். ஊரின் கண்ணை எரித்ததும், நிறுவனத்தின் பணத்தைக் கரைத்ததும் ஒரே ஆவிதான். காற்று மாசுக் கட்டுப்பாடு என்றாலே தண்டச் செலவு என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பொதுமக்களுக்கும் அடி விழுந்தது. வீட்டுக் கொல்லையில் ஒரு எரிப்பான் வைத்துக் குப்பையைக் கொளுத்துவது அந்த ஊரின் பழக்கம். 1957 அக்டோபரில் அதற்குத் தடை வந்தது. தப்பெல்லாம் பெரிய கம்பெனிகள் மேல் என்று சொல்லிக்கொண்டிருந்த ஊருக்கு அது கசப்பான மருந்து.

கார் கம்பெனிகளின் பதில்

அடுத்தது கார். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்ட்டியின் நிர்வாகக் குழு உறுப்பினர் கென்னத் ஹான் 1953-ல் டெட்ராய்ட்டின் கார் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி, புகையைக் குறைக்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். ஃபோர்டு நிறுவனத்திடமிருந்து வந்த பதிலின் சாரம் இதுதான்: புகை வருவது உண்மை, ஆனால் அது காற்றில் சீக்கிரமே கரைந்துவிடும், அதனால் பிரச்சனை இல்லை. மூடி போட்ட சட்டிக்குள் உட்கார்ந்திருந்த ஊருக்கு இப்படி ஒரு பதில். ஹான் விடவில்லை, வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார்.

1969-ல் அமெரிக்க நீதித்துறை, புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் சந்தைக்கு வருவதைத் தாமதப்படுத்தக் கூட்டுச் சதி செய்ததாகப் பெரிய கார் நிறுவனங்கள் மேல் வழக்கே போட்டது. விசாரணைக்குப் போகாமல் சமரசத் தீர்ப்போடு அது முடிந்தது.

இதற்கு நடுவில் கலிஃபோர்னியா தன் வழியில் போனது. 1960-ல் வாகனப் புகைக் கட்டுப்பாட்டுக்கு மாநில வாரியம் வந்தது. ஹாகன்-ஸ்மிட் அதில் உறுப்பினர். இன்ஜினின் அடிப்பெட்டியில் கசியும் வாயுவை வெளியே விடாமல் மறுபடி இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஒரு சின்ன வால்வைக் கட்டாயமாக்கினார்கள். 1966 மாடல் கார்களில் இருந்து சைலன்சர் புகைக்கு அளவு வந்தது. மத்திய அரசு நாடு முழுக்க இதைச் செய்ததெல்லாம் பிறகுதான்.

1968 பிப்ரவரியில் கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் முதல் கூட்டம் நடந்தது. அதன் முதல் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஹாகன்-ஸ்மிட். 67 வயது. மற்ற மாநிலங்களைவிடக் கடுமையான விதியை வைத்துக்கொள்ளலாம் என்று 1967-ல் மத்திய சட்டம் கலிஃபோர்னியாவுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருந்தது. அதை வைத்து, வெயிலில் நடக்கும் அந்தச் சமையலின் இரண்டாவது பொருளான நைட்ரஜன் ஆக்சைடுக்கும் 1971 மாடல் கார்களில் இருந்து வாரியம் வரம்பு போட்டது. ஹைட்ரோகார்பனை மட்டும் குறைத்தால் போதாது என்பது அவருக்கு அன்றே தெரியும்.

1970-ல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் வந்தது. காரிலிருந்து வரும் மாசை 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்று நாள் குறித்தது. முடியாது, தொழிலே படுத்துவிடும் என்றார்கள். 1975 மாடல்களில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வந்தது. சைலன்சர் வரிசையில் பொருத்தும் தேன்கூடு மாதிரியான பெட்டி அது. உள்ளே பிளாட்டினம் போன்ற உலோகப் பூச்சு. நச்சு வாயுவை அங்கேயே உடைத்துவிடும். ஈயம் கலந்த பெட்ரோல் போட்டால் அந்தப் பூச்சு செத்துவிடும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

இந்தப் பெட்டிதான் இருபது வருஷம் கழித்து நம்ம ஊருக்கும் வந்தது. 1995 ஏப்ரலில் இருந்து சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வர்ட்டரும், அவற்றுக்காக ஈயமில்லாப் பெட்ரோலும் கட்டாயமாயின. எஃப்.சி. எடுக்கும்போதும் பி.யு.சி. சான்றிதழுக்காக பங்க்கில் வண்டியை நிறுத்தும்போதும் எரிச்சல் வருவது சகஜம். அந்த வரிசையின் மறுமுனையில் நிற்பது பாசடீனாவின் பழுப்புச் சொட்டுகள்தான்.

சரி, இதனால் யாருக்கு என்ன லாபம்?

ஹாகன்-ஸ்மிட் 1973 வரை வாரியத்தின் தலைவராக இருந்தார். அந்த ஆண்டு அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டு சுற்றுச்சூழலுக்கான டைலர் பரிசை முதன்முதலில் பெற்ற மூவரில் ஒருவரானார். 1977 மார்ச் 17-ஆம் தேதி பாசடீனாவில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். நுரையீரல் என்றதும் ஸ்மாக்கோடு முடிச்சுப் போடத் தோன்றும். ஒரு தனிமனிதரின் புற்றுநோய்க்கு அப்படிக் காரணம் சொல்லிவிட முடியாது. எல் மான்டேயில் இருந்த வாரியத்தின் வாகனச் சோதனை ஆய்வகம் அவர் பெயர் தாங்கியது.

அவர் இறந்தபோது, செலவுக்கு ஏற்ற பலன் இருக்கிறதா என்ற கேள்விக்கு முழுசான கணக்கு யாரிடமும் இல்லை. செலவு கண்ணுக்குத் தெரியும், கார் விலையில் ஏறும். பலன் எங்கேயும் பில் போட்டு வராது. வராத ஆஸ்துமாவுக்கு யார் ரசீது கொடுப்பார்கள்? அதை எண்ணிப் பார்க்க இன்னும் பல வருஷம் பிடித்தது.

முதலில் காற்று. 2012-ல் அமெரிக்க அரசின் நோவா அமைப்பைச் சேர்ந்த விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வின்படி, 1960-களில் இருந்து லாஸ் ஏஞ்சல்ஸில் வாகனங்களால் வரும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களின் அளவு சுமார் 98 சதவீதம் குறைந்திருக்கிறது. அதே காலத்தில் அங்கே எரிக்கப்பட்ட பெட்ரோல், டீசல் அளவு கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகியிருந்தது. அதாவது ஊர் சுருங்கவில்லை, வண்டி ஓட்டுவதை விடவில்லை, தொழிலும் படுத்துவிடவில்லை. எரிக்கும் விதம் மாறியது, அவ்வளவுதான்.

அடுத்து குழந்தைகள். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஐந்து ஊர்களில் 2,120 பிள்ளைகளின் நுரையீரல் 11 வயதிலிருந்து 15 வயது வரை எப்படி வளர்கிறது என்று மூன்று தலைமுறை மாணவர்களிடம் அளந்தது. 15 வயதில் நுரையீரல் திறன் கவலைப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தவர்கள் 1990-களின் நடுவில் தொடங்கிய முதல் குழுவில் 7.9 சதவீதம். அடுத்த குழுவில் 6.3. கடைசியாக 2007 முதல் 2011 வரை பார்த்த குழுவில் 3.6. நைட்ரஜன் டை ஆக்சைடும் நுண்துகள்களும் குறையக் குறைய நுரையீரல் வளர்ச்சி கூடியிருந்தது. ஓசோனோடு அந்த அளவுக்குத் தொடர்பு தெரியவில்லை என்பதையும் அந்த ஆய்வு சொல்கிறது. அந்த வயதில் வளராத நுரையீரல் பிறகு வளராது. அதனால் இந்தப் பாதிச் சரிவு அந்தப் பிள்ளைகளுக்கு ஆயுசு முழுக்கக் கூட வரும்.

மூன்றாவதாகக் கூலி. ஹாகன்-ஸ்மிட்டின் கதை கருகிய கீரையில் தொடங்கியது. 2012-ல் வந்த ஒரு பொருளாதார ஆய்வு மறுபடி கலிஃபோர்னியாவின் வயலுக்கே போனது. அங்கே பழம் பறிக்கும் தொழிலாளர்களுக்குப் பறித்த அளவைப் பொறுத்துக் கூலி. யார் எந்த நாளில் எவ்வளவு பறித்தார்கள் என்ற பதிவும் இருக்கிறது, அந்த நாளின் ஓசோன் அளவும் இருக்கிறது. இரண்டையும் பொருத்திப் பார்த்தால், காற்றில் ஓசோன் நூறு கோடிக்குப் பத்துப் பங்கு மாறினால் தொழிலாளியின் உற்பத்தி 5.5 சதவீதம் மாறுகிறது. அவர்கள் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, லீவும் போடவில்லை. மூச்சு கொஞ்சம் கனத்தது, கை கொஞ்சம் மெதுவானது. அன்றைய கூலியில் அது தெரிந்தது. சட்டப்படி பாதுகாப்பானது என்று சொல்லப்பட்ட அளவுக்குக் கீழேயே இது நடந்திருக்கிறது என்பதுதான் கவலைக்குரியது.

பெரிய கணக்கும் உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011-ல் வெளியிட்ட அறிக்கை, தூய காற்றுச் சட்டத்தின் 1990 திருத்தங்களால் 2020-ஆம் ஆண்டில் என்ன பலன் இருக்கும் என்று மதிப்பிட்டது. அந்த ஒரு வருடத்துக்கான செலவு சுமார் 6,500 கோடி டாலர். பலன் சுமார் 2 லட்சம் கோடி டாலர். போட்ட ஒரு டாலருக்கு முப்பது டாலர். தவிர்க்கப்படும் அகால மரணங்கள் 2,30,000-க்கு மேல். இழக்காமல் மிச்சமாகும் வேலை நாட்கள் 1.7 கோடி, பள்ளி நாட்கள் 54 லட்சம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த 2 லட்சம் கோடியில் பெரும் பங்கு, தவிர்க்கப்படும் மரணங்களுக்குப் பணமதிப்பு போட்டதால் வருவது. உயிருக்கு எப்படி விலை போடலாம் என்ற சண்டை பொருளாதாரத்தில் இன்னும் ஓயவில்லை. அதைத் தொடாமல் வேலை நாட்கள், பள்ளி நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஒரு வீட்டுக்கு அதன் அர்த்தம் புரியும். பிள்ளைக்கு இழுப்பு வந்தால் அம்மாவோ அப்பாவோ லீவு போட வேண்டும். நாள் கூலிக்குப் போகிறவர் என்றால் அன்றைய சாப்பாட்டிலேயே அது தெரியும்.

இவ்வளவும் கணக்குப் போட முடிந்ததற்கு ஒரே காரணம், எந்தக் குழாயிலிருந்து வருவது எந்தக் கண்ணை எரிக்கிறது என்று 1950-களிலேயே ஒருவர் காட்டிவிட்டதுதான். அதற்கு முன்னால் கீரை விவசாயியின் நஷ்டம் விதியின் கணக்கில் போனது, டயர் வெடித்தால் டயர்க் கம்பெனி திட்டு வாங்கியது. கந்தகத்தைக் குறைக்கச் செலவழித்த பணம் கண் எரிச்சலைத் தீர்க்கவில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ் சுத்தமாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. அமெரிக்க நுரையீரல் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலில் ஓசோன் மாசு மிகுந்த பெருநகரப் பகுதி என்ற இடம் கிட்டத்தட்ட ஒவ்வொரு வருஷமும் அதற்கேதான். மலையும் கடலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, வெயிலும் குறையவில்லை. துறைமுகத்துக்கு வந்து போகும் கனரக லாரிகளும் சரக்குக் கப்பல்களும் ஹாகன்-ஸ்மிட் காலத்தில் இல்லாத அளவுக்குப் பெருகிவிட்டன. ஆனால் நகரத்தின் நடுவில் நின்று வடக்கே பார்த்தால், அவர் காலத்தில் எத்தனையோ நாட்கள் கண்ணுக்கே தெரியாமல் போன சான் கேப்ரியல் மலை இப்போது பெரும்பாலான நாட்களில் தெரிகிறது.